ஒரு டப்பா பிரேக் பேட், இரண்டு வண்டி

அப்பா கண்ணை மூடியதும் அண்ணனும் தம்பியும் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட விதத்தைப் பற்றி அந்தத் தெருவில் பலவிதமாகப் பேசுவார்கள். அதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் தகராறு.

வீட்டின் நடுவே சுவர் வைத்தார்கள். அது எல்லோரும் செய்வதுதான். ஆனால் சுவர் சரியாகத் தண்ணீர்க் குழாயின் மேல் வந்து உட்கார்ந்ததால், குழாயின் திருகு பெரியவன் பக்கமும், தண்ணீர் கொட்டும் வாய் சின்னவன் பக்கமும் போய்விட்டன. சின்னவன் குளிக்க வேண்டுமென்றால் பெரியவன் வீட்டில் யாராவது விழித்திருக்க வேண்டும். கத்தரிக்கோலை ஆணி கழற்றி ஆளுக்கொரு கத்தியாக எடுத்துக்கொண்டார்கள். ஏணியை நீளவாக்கில் அறுத்தார்கள் என்று சொல்வது மட்டும் சுத்தப் பொய். அறுக்க ரம்பம் இல்லை. ரம்பத்தை அதற்கு முன்பே பிரித்திருந்தார்கள்.

எதைப் பிரித்தாலும் வலது பக்கம் மூத்தவனுக்கு, இடது பக்கம் இளையவனுக்கு. அப்பாவின் செருப்பைக்கூட அப்படித்தான் பிரித்தார்கள். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. பெரியவன் வலது பக்கம் கை நீட்டுவான், சின்னவன் மறுபேச்சில்லாமல் இடது பக்கத்தை எடுத்துக்கொள்வான். அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

பிரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கிடைத்தவை இரண்டு வேன்கள் மட்டும்தான். ஒரே மாடல், ஒரே வருஷம், துரு பிடித்த இடம்கூட ஒன்றுதான். அப்பா விவரமானவர். ஆனால் வண்டி தூக்கும் ஜாக்கி ஒன்றுதான் இருந்தது. அதனால் ஜாக்கி பெரியவனுக்கும் அதைச் சுற்றும் கைப்பிடி சின்னவனுக்கும் போயிற்று. எந்த வண்டியில் சக்கரம் கழற்றுவதானாலும் இருவரும் வந்தாக வேண்டும். மற்ற நாட்களில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், டயர் பஞ்சரானால் சேர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். பெரியவனுக்கு அது பிடித்திருந்தது. பாதையில் ஆணி கிடந்தால் ஒதுங்கிப் போகாமல் ஓட்டுகிறான் என்று அவன் மனைவி சந்தேகப்பட்டாள். சந்தேகம் நியாயமானதுதான்.

இரண்டு வேன்களும் தையல் கம்பெனிக்கு ஆள் ஏற்றி ஓடின. கீழ் ரூட் பெரியவனுக்கு. தட்டைச் சாலை, தூங்கிக்கொண்டே ஓட்டலாம், சில நாள் ஓட்டியும் இருக்கிறான். மேட்டு ரூட் சின்னவனுக்கு. குன்றின் மேலிருக்கும் குடியிருப்புகளிலிருந்து பெண்களை ஏற்றி, வளைந்து வளைந்து இறங்க வேண்டும். இறங்கும்போது இடது கைப்பக்கம் பள்ளம். தடுப்புச் சுவர் இருந்த இடங்களில் இப்போது தடுப்புச் சுவர் இருந்ததற்கான அடையாளம் இருந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் ரூட் பிரித்தார்கள். குலுக்கியவன் பெரியவன்.

ஒருநாள் கம்பெனி வேன் ஒன்று பிரேக் பிடிக்காமல் முதலாளியின் காரைப் பின்னாலிருந்து லேசாக முத்தமிட்டது. அன்று மாலையே வண்டிகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர் எல்லா டிரைவர்களையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "திங்கக்கிழமை செக்கிங். முன் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் பேட் புதுசா இருக்கணும். இல்லாத வண்டிக்கு ரூட் கிடையாது. அழுதாலும் கிடையாது."

ரூட் போனால் வண்டி வெறும் தகரம். இரண்டு வீட்டிலும் வேறு வருமானம் இல்லை. அன்று பெரியவன் சுவரைத் தட்டினான். தண்ணீருக்கில்லாமல் வேறு விஷயத்துக்குத் தட்டுவது அபூர்வம்.

"டேய், உன் வண்டியில பேட் எப்படி இருக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "இருந்துச்சுண்ணே. இப்ப அதோட நினைவு மட்டும் இருக்கு. மிதிச்சா அழுவுது."

"எனக்கும்தான். நாளைக்குக் கடைக்குப் போவோம்."

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கல்லாவை விட்டு எழாமலே இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்று கனமான டப்பா. கம்பெனி முத்திரை, உள்ளே மெழுகுத் தாள். இன்னொன்றில் கழுகு படம் போட்டிருந்தது, வேறு விவரம் எதுவும் இல்லை. கழுகுக்கே வெட்கமாக இருந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"கழுகு எப்படி?" என்றான் சின்னவன்.

"நிக்கும். எங்க போய் நிக்கும்னு மட்டும் கேக்காத."

நல்ல டப்பாவின் விலையைக் கேட்டதும் பெரியவன் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஆளுக்கொன்று வாங்குவது நடக்கிற காரியமில்லை. இருவர் பையில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு கழுகு வாங்கலாம், அல்லது ஒரு நல்ல டப்பா வாங்கலாம். பெரியவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். நாலு பேட், ஒரு சக்கரத்துக்கு இரண்டு. நாலை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு. கணக்கு இவ்வளவு அழகாக வந்து அவன் பார்த்ததில்லை.

"ரெண்டு குப்பை வாங்கறதுக்கு ஒரு தங்கம் வாங்குவோம்டா. ஆளுக்குப் பாதி."

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு இருவரையும் பார்த்தார். "செட்டைப் பிரிக்கக் கூடாதுய்யா."

"பிரிக்கறதுல எங்களுக்கு அனுபவம் உண்டு," என்றான் சின்னவன்.

"ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேஞ்சது. பிரேக் போட்டா புதுசு இருக்கற பக்கம் வண்டி இழுக்கும்."

"இழுத்தா ஸ்டியரிங்க புடிச்சுக்கறோம். சும்மா உக்காந்துதானே வர்றோம், கைக்கு ஒரு வேலை வேணாமா?"

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பில் போட்டார்.

அன்று சாப்பிடும்போது பெரியவனின் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். "மேட்டு வண்டி அவருது. நாலையும் அவருக்கே குடுத்துடுங்க. உங்க ரூட்டுல கால வெளிய நீட்டினாக்கூட வண்டி நின்னுடும். அந்தக் கழுகையே நீங்க அப்புறம் வாங்கிப் போட்டுக்கங்க."

"திங்கக்கிழமைக்குள்ள காசு எங்க இருந்து வரும்? என் ரூட் போயிடாது?"

"போனா போகுது. அவர் ஓட்டட்டும். ரெண்டு வீடும் சேந்து சாப்பிடுவோம், கொஞ்ச நாளைக்கு."

பெரியவன் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாததுதான் எரிச்சலாக இருந்தது.

காலையில் வண்டிகளை இரண்டு வீட்டுக்கும் முன்னால் இருந்த காலி மனையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். பெரியவன் ஜாக்கியோடு வந்தான், சின்னவன் கைப்பிடியோடு வந்தான். பெரியவன் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, தம்பி முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வேணும்னா நாலையும் நீயே போட்டுக்கயேன்."

"எதுக்கு? நான் என்ன உன் வாசல்ல வந்து நின்னு கேட்டனா?"

"இல்ல, மேடு..."

"மேடு எனக்கு சீட்டுல விழுந்துச்சு. உன் தயவுல விழல. சரிபாதின்னா சரிபாதி."

பெரியவனுக்கு மனசு லேசாயிற்று. கேட்டாகிவிட்டது, மறுத்தாகிவிட்டது. இனி மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு தரம் கேட்டிருந்தால் தம்பி வாங்கிக்கொண்டிருப்பானோ என்ற எண்ணம் ஓரமாக வந்து நின்றது. அதை உட்காரச் சொல்லவில்லை அவன்.

"எந்தப் பக்கம் போடறது?" என்றான் சின்னவன்.

"இதென்ன கேள்வி? எனக்கு வலது, உனக்கு இடது."

வேலையில் மட்டும் இருவரும் கெட்டிக்காரர்கள். பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்தார்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தினார்கள். பெரியவன் ஜாக்கியைப் பிடிக்க, சின்னவன் கைப்பிடியைச் சுற்ற, வண்டி முனகிக்கொண்டே எழுந்தது. சக்கரத்தைக் கழற்றி, பேடைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் போல்ட்டை எடுத்து, காலிப்பரைத் தூக்கி, அதன் பிரேக் ஆயில் ரப்பர் குழாய் இழுபடாமல் கம்பி போட்டு மேலே கட்டினார்கள். உள்ளேயிருந்து வந்த பழைய பேடில் தகடு மட்டும்தான் மிச்சம். அப்பளம் அதைவிடத் தடிமன்.

"இத வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் நின்ன?" என்றான் பெரியவன்.

"எங்கண்ணே நின்னேன்? வண்டிக்கு இரக்கம் வந்தா நிக்கும்."

பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, நெம்பி, பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினார்கள். டிஸ்க்கை உப்புத்தாளால் தேய்த்தார்கள். புதுப் பேடில் கைபட்டு எண்ணெய் ஒட்டிவிடாதபடி, சின்னவன் சட்டை முனையால் பிடித்து உள்ளே நுழைத்தான். கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல அவ்வளவு பதவிசாக. பிறகு எல்லாவற்றையும் மாட்டி, பெடலை மிதித்து மிதித்து, கால் கெட்டியாக நிற்கும்வரை மிதித்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை. பாதி வேலை என்பதுதான் குறை.

தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். பிரேக் போட்டதும் பெரியவன் வண்டி வலது பக்கம் சாய்ந்தது, சின்னவன் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. திரும்பி வந்து முன்போலவே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"பாத்தியாண்ணே? உன் வண்டி என் வண்டியப் பாத்து வருது, என் வண்டி உன் வண்டியப் பாத்து வருது. வண்டிக்கு இருக்கற பாசம்கூட நமக்கு இல்ல."

பெரியவன் வாய்விட்டுச் சிரித்தான். பஞ்சர் நாட்களைவிட அது நல்ல நாளாக இருந்தது.

திங்கட்கிழமை யோசனையும் பெரியவனுடையதுதான். சூப்பர்வைசருக்கு முதுகுவலி, குனிந்தால் நிமிர்த்த ஆள் வேண்டும். செக்கிங் நடக்கும் இடமோ கம்பெனி மதிலை ஒட்டிய குறுகல் சந்து. வண்டியை மதிலோடு ஒட்டி நிறுத்தினால் ஒரு பக்கச் சக்கரம்தான் கண்ணில் படும். பெரியவன் நேராக ஓட்டிப் போய், இடது பக்கத்தை மதிலில் ஒட்டி, வலது பக்கத்தைக் காட்டினான். சூப்பர்வைசர் டார்ச்சை அடித்துச் சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தார். மெழுகு வாசனைகூடப் போகாத புதுப் பேட். "பலே," என்றார். அடுத்து சின்னவன் அதே சந்தில் ரிவர்ஸில் வந்து, வலது பக்கத்தை மதிலில் ஒட்டி, இடது பக்கத்தைக் காட்டினான்.

"நீ ஏன்யா பின்னாடியே வர்ற?"

"மரியாதைதான் சார். உங்களுக்கு முதுகக் காட்டிட்டு வெளிய போகக் கூடாதில்ல."

சூப்பர்வைசர் இரண்டு வண்டிக்கும் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். கேன்டீன் பின்னால் நின்று அண்ணனும் தம்பியும் சிரித்த சிரிப்பில் பெரியவனுக்குப் புரையேறியது. தம்பி அவன் தலையில் தட்டினான். தட்டிய கையைக் கொஞ்சநேரம் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் ஒன்றும் ஆகவில்லை. சின்னவனின் கைதான் வீங்கியது. "இடது பக்கமா இழுக்குது, வலது பக்கமா திருப்பிப் புடிச்சுக்கிட்டே இறங்கறேன். வீட்ல சோறு சாப்பிடும்போதும் கை வலது பக்கமா போகுது. அடுத்த சம்பளத்துல கழுகாவது வாங்கிடணும்ணே," என்றான் சுவருக்கு மேலாக. பெரியவன் "ஆமாமா" என்றான்.

ஒருநாள் காலை மூடுபனி. பெரியவன் தன் ஆட்களை இறக்கிவிட்டுக் கம்பெனி வாசலில் நின்றான். சங்கு ஊதியது. மேட்டு வண்டி வரவில்லை. அது எப்போதும் கொஞ்சம் பிந்தி வருவதுதான். கேட்டை மூடினார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பெரியவனையும் பார்த்தார். கடிகாரத்தில் இருக்கிற பிழை அவனுடையது என்பதுபோல.

அப்போது சாலை முனையில் பெண்கள் வந்தார்கள். நடந்து வந்தார்கள். முதலில் வந்தவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர்; அவள் ஒரு மாடியில் தும்மினால் அடுத்த மாடியில் ஊசி முறியும் என்று தையல் செக்‌ஷனில் சொல்வார்கள். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பெரியவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மூன்று தரம் முயன்ற பிறகு, இருமல் மாதிரி வந்தது பேச்சு.

"முத வளைவுலயே வண்டி ஓரமா இழுத்துச்சு. அப்புறம் ஒரு தீஞ்ச வாசனை. நிறுத்திட்டு, எல்லாரும் இறங்கி நடங்க, கீழ சமதளத்துல நிக்கறேன், ஏத்திக்கறேன்னான். ஆள் பாரம் இல்லாம இறக்கிடுவானாம். லேட்டானா ரூட்டப் புடுங்கிடுவாங்களாம். நாங்க திட்டினோம். இந்தக் குளிர்ல நடக்க விடறியே, நீ நல்லா இருப்பியான்னு..." அவள் நிறுத்தினாள். "அது நான் கேட்டது."

நடக்க விட்டானே என்று ஏசிக்கொண்டே இறங்கியவர்கள்தான், மூன்றாவது வளைவில், முதலில் பார்த்தார்கள்.

பெரியவன் அங்கே போய்ச் சேர்ந்தபோது கீழே கயிறு கட்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பள்ளத்தைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தான். பிரேக் போட்ட தடம் இருந்தது, ஒற்றைத் தடம். இடது சக்கரம் மட்டும் பிடித்து இழுத்த கறுப்புக் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல, ஓரத்தைப் பார்த்துப் போய் முடிந்திருந்தது. வலது சக்கரம் போன இடத்தில் ஒன்றுமே இல்லை. இரக்கம் வரவில்லை போலிருக்கிறது. பெரியவன் அந்தக் கோட்டின் மேல் குந்தி, விரலால் தொட்டுப் பார்த்தான். நல்ல பேட். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நன்றாகப் பிடித்திருந்தது.

மேலே கொண்டுவந்தபோது தம்பியின் முகத்தில் காயமே இல்லை. அதனால் பெரியவனால் அவனைப் பார்க்க முடிந்தது. அதனாலேயே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு சூப்பர்வைசர் வந்தார். துக்கம் விசாரித்தார். முதுகு ஒத்துழைக்காததால் நின்றுகொண்டே விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "மேட்டு ரூட்டுக்கு இப்ப வண்டி இல்ல. வேற ஆளப் போடச் சொல்றாங்க மேல. நீ எடுத்துக்கறியா? வாடகை கொஞ்சம் கூடவே தர்றாங்களாம், உன் கீழ் ரூட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறோம். உன் வண்டிதான் பாஸ் ஆயிருக்கே."

பெரியவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். எடுத்துக்கொண்டால் இரண்டு வீட்டுக்கும் அடுப்பு எரியும். எடுக்காவிட்டால் தம்பி மனைவிக்கு யார் என்ன கொடுப்பது? கடைசியில் தலையை ஆட்டினான்.

மறுநாள் காலை வண்டிக்கு முன்னால் ஜாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைப்பிடியைக் கேட்க அந்த வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. தம்பி மனைவி தானே வந்தாள். ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையில் காகிதப் பொட்டலம்.

"வண்டிய எடைக்குப் போட்டுட்டேன், மாமா. இது ரெண்டையும் மட்டும் கழட்டித் தரச் சொன்னேன்."

பொட்டலத்தில் இரண்டு பேட். தேயவே இல்லை.

"எனக்கு வேணாம்மா. நான் வேற..."

"வேற எங்க இருந்து வாங்குவீங்க? அந்த மேட்டுல நீங்க அரை பிரேக்ல போனா, அப்புறம் எங்களுக்குன்னு யாரு இருக்கா? போடுங்க."

அவன் ஜாக்கியைப் பிடித்தான். அவள் எதிரே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். வண்டி முனகிக்கொண்டே எழுந்தது. அவன் சக்கரத்தைக் கழற்றினான், காலிப்பரைத் தூக்கினான், கம்பி போட்டுக் கட்டினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கு இடது பக்கம் போடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஏன் இடது?"

பெரியவனுக்குப் பதில் தெரியும். வாயில் வைத்துப் பார்த்தான். அதைச் சொல்கிற மாதிரி ஒரு வாக்கியம் அமையவில்லை. "நான் மூத்தவன்," என்றான் கடைசியில்.

அவள் இரண்டு பேடையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். வேலை முடிந்ததும் வண்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, கைப்பிடியை அங்கேயே ஜாக்கியின் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

பெரியவன் தெருமுனைவரை ஓட்டிப் போய் பிரேக்கை மிதித்தான். வண்டி நேராக நின்றது. ஒரு விரல் அகலம்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகவில்லை. திரும்ப ஓட்டினான், திரும்ப மிதித்தான். தெருவில் பார்த்தவர்கள், துக்கத்தில் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்தார்கள். அவன் எங்காவது இழுக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மேட்டுக் குடியிருப்பில் பெண்கள் வரிசையாக ஏறினார்கள். லவுட்ஸ்பீக்கர் முன் இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வளைவுக்கு முன்னால் பெரியவனின் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. வண்டி நின்றது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேட் நாலும் புதுசு," என்றான். "நல்லா நிக்குது. பயப்பட ஒண்ணும் இல்ல."

"தெரியுதுப்பா," என்றாள் லவுட்ஸ்பீக்கர். கதவைத் திறந்தாள். பின்னால் திரும்பி, "இறங்குங்கடி," என்றாள்.

"லேட்டாயிடும்."

"ஆகட்டும். நாங்க முன்னால போறோம். நீ மெதுவா பின்னாலயே வா."

அவர்கள் மலைப்பக்கமாக ஒதுங்கி, ஒருத்தி பின் ஒருத்தியாக இறங்கினார்கள். பெரியவன் முதல் கியரில், காலி வண்டியை அவர்கள் நடக்கிற வேகத்துக்கு உருட்டிக்கொண்டு போனான். மூன்றாவது வளைவில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருந்தது. பெண்கள் அதைத் தாண்டிச் சுற்றிப் போனார்கள்.

கம்பெனியில் சூப்பர்வைசர் கத்தினார். தாமதத்துக்கு வாடகையில் பிடித்தார். அடுத்த நாளும் பிடித்தார். பெரியவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டான். காலையில் மேட்டில் வண்டி நிற்பதும், கதவு திறப்பதும், யாரும் யாரையும் ஒன்றும் கேட்காமலே நடந்தன. ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், வண்டி வருகிறதா என்று.